சென்ட்ரல் அவென்யூ: சாலையோடு வந்த விடுதிகள்

அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் மிகப் பெரிய நகரமான ஆல்புகர்க்கியை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து செல்கிறது சென்ட்ரல் அவென்யூ. மேற்கே ஒன்பது மைல் குன்று என்று அழைக்கப்படும் மேட்டிலிருந்து இறங்கி, ரியோ கிராண்டே ஆற்றைத் தாண்டி, ஸ்பானியர் காலத்துப் பழைய ஊரின் ஓரமாகப் போகிறது. பிறகு கடைத்தெரு, ரயில் பாதை, பல்கலைக்கழகம், நாப் ஹில் வட்டாரம் என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டு, சாண்டியா மலையடியில் டிஹேரஸ் கணவாயை நோக்கி ஏறுகிறது. நீளம் சுமார் 18 மைல், ஏறக்குறைய 29 கி.மீ. சிகாகோவையும் லாஸ் ஏஞ்சலஸையும் இணைத்த ரூட் 66 நெடுஞ்சாலை 1937 முதல் இந்தத் தெருவின் மேல்தான் ஓடியது. 1955இல் இதன் இருபுறமும் 98 மோட்டல்கள் இருந்தன. அவற்றில் சில இன்றும் விடுதிகளாகவே நடக்கின்றன, சில குடியிருப்புகளாகிவிட்டன, பல இருந்த இடத்தில் வெறும் மனை கிடக்கிறது. சில இடங்களில் கட்டடம் போய்ப் பெயர்ப்பலகைக் கம்பம் மட்டும் நிற்கிறது.

1706இல் ஸ்பானியர் நிறுவிய ஆல்புகர்க்கி, ஆற்றங்கரையில் ஒரு சதுக்கத்தைச் சுற்றி அமைந்த சிற்றூர். 1880இல் ரயில் வந்தபோது நிலையம் அந்தச் சதுக்கத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மைல் கிழக்கே அமைந்தது. நிலையத்தைச் சுற்றிப் புதிய ஊர் வளர்ந்தது. பழையதையும் புதியதையும் இணைத்த பாதைக்கு ரயில்ரோடு அவென்யூ என்று பெயர். அதுவே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்ட்ரல் அவென்யூ ஆயிற்று. அக்காலத்தில் வெளியூர்க்காரர் வந்து இறங்கிய இடம் ரயில் நிலையம். தங்கிய இடம் அதன் பக்கத்திலிருந்த அல்வராடோ ஹோட்டல். ஃபிரெட் ஹார்வி நிறுவனம் 1902இல் திறந்த அந்த ஹோட்டல், வளைவுகளும் நீண்ட தாழ்வாரங்களும் கொண்ட கட்டடம். 1923இல் பியூப்லோ பழங்குடிக் குடியிருப்புகளின் தோற்றத்தில் பிரான்சிஸ்கன் ஹோட்டல் எழுந்தது. இரண்டும் ரயில் பயணிகளுக்கானவை. காரில் வருபவருக்கு ஊரில் வேறோர் இடம் தேவைப்பட்டது.

1926இல் ரூட் 66 அறிவிக்கப்பட்டபோது அது சென்ட்ரல் அவென்யூ வழியாக வரவில்லை. சாண்டா ரோசாவிலிருந்து வடக்கே வளைந்து சாண்டா ஃபே நகருக்குப் போய், அங்கிருந்து தெற்கே இறங்கி, நான்காம் தெரு வழியாக ஆல்புகர்க்கிக்குள் நுழைந்து, மேலும் தெற்கே லாஸ் லூனாஸ் வரை சென்ற பிறகே மேற்கே திரும்பியது. அந்த வளைவு நிமிர்ந்த வரலாற்றில் அரசியல் கோபத்துக்கும் பங்குண்டு. 1926 நவம்பர் தேர்தலில் தோற்ற ஆளுநர் ஆர்தர் ஹானெட், பதவி முடிவதற்குள் சாண்டா ரோசாவிலிருந்து மோரியார்ட்டிக்கு ஒரு நேர்சாலை போட உத்தரவிட்டார். சாண்டா ஃபே அரசியல்வாதிகள்தாம் தம்மைத் தோற்கடித்தார்கள் என்ற ஆத்திரத்தில், அந்த ஊரையே நெடுஞ்சாலையிலிருந்து விலக்கிவிட நினைத்தார் என்று சொல்லப்படுகிறது. மாநிலப் பணியாளர்கள் குளிரிலும் பனியிலும் வேலிகளை வெட்டிக்கொண்டு பாதை அமைத்தனர். அந்தப் பாதை தார் போட்டு முறையான நெடுஞ்சாலையாக மாறப் பத்தாண்டுகள் ஆயின. 1937இல் ரூட் 66 அதிகாரபூர்வமாக நேர்ப்பாதைக்கு மாறியபோது, நியூ மெக்சிகோவுக்குள் அதன் நீளம் 506 மைலிலிருந்து 399 மைலாகக் குறைந்தது.

அதே ஆண்டில் ரயில் பாதைக்கு அடியில் சென்ட்ரல் அவென்யூவின் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. அதுவரை ரயில் தடங்களால் துண்டாகிக் கிடந்த தெரு, மேட்டிலிருந்து கணவாய் வரை தடையில்லாத ஒரே சாலையாயிற்று. பழைய வழியும் புதிய வழியும் வெட்டிக்கொள்ளும் நான்காம் தெரு முனையில் ரூட் 66 தன்னைத்தானே குறுக்கே கடக்கிறது. நாலைந்து மாடிக் கடைக்கட்டடங்கள் சூழ்ந்த அந்த முனையில் நின்றால் சாலை இடம் மாறிய கதை முழுவதும் கண்முன் விரியும்.

சாலை மாறியதும் விடுதிகளும் மாறின. 1935இல் நான்காம் தெருவில் 16 பயண முகாம்கள் இருந்தன. கிழக்கு சென்ட்ரலில் மூன்றே மூன்று. 1941இல் சென்ட்ரலில் 37 ஆகிவிட்டன. போருக்குப் பிறகு எண்ணிக்கை மடமடவென்று ஏறியது. ஊரும் அப்படியே பெருத்தது: 1940இல் 35,449 பேர் இருந்த நகரில் 1950இல் 96,815 பேர், 1960இல் 2,01,189 பேர். கர்ட்லண்ட் விமானப்படைத் தளமும் சாண்டியா ஆய்வுக்கூடமும் கொண்டுவந்த வேலைகள் இந்த வளர்ச்சிக்கு முக்கியக் காரணம். ஆற்றங்கரைச் சமவெளியில் இருந்த ஊர், கிழக்கே மேசைபோல் உயர்ந்த வறண்ட மேட்டு நிலத்தின் மீது பரவியது. அந்தப் பரவலுக்கு முதுகெலும்பு சென்ட்ரல் அவென்யூ.

மோட்டல் என்பது காரை அறை வாசலிலேயே நிறுத்தி இறங்கக்கூடிய விடுதி. ஹோட்டலுக்கு உரிய பெரிய கூடமோ, பெட்டி தூக்குபவரோ, நல்ல உடை உடுத்தி நுழைய வேண்டிய கட்டாயமோ அங்கே இல்லை. அந்தப் பெயரை முதலில் தாங்கிய விடுதி 1925இல் கலிஃபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில் திறக்கப்பட்டது. ஆனால் அந்த அமைப்பு யாரோ ஒருவர் ஒரு நாளில் வரைந்து முடித்ததன்று. தொடக்கத்தில் பயணிகள் ஊர் எல்லையில் கூடாரம் அடித்தனர். பிறகு நிலத்துக்காரர்கள் சிறு குடில்களைக் கட்டி வாடகைக்கு விட்டனர். அடுத்து, குடில்களை ஒரே கூரையின் கீழ் இணைத்து, இரண்டு அறைகளுக்கு நடுவில் ஒரு கார்க் கொட்டகை என்ற வரிசை வந்தது. கார்கள் பெருத்து அந்தக் கொட்டகைகளில் நுழைய முடியாமல் போனபோது பல உரிமையாளர்கள் அவற்றைச் சுவர் வைத்து அடைத்து அறைகளாக்கினர். ஐம்பதுகளில் நீச்சல் குளம் வந்தது. அறுபதுகளை ஒட்டி, வெளிப்புறத் தாழ்வாரத்துடன் இரண்டு மாடிக் கட்டடங்கள் வந்தன. இந்தப் படிகள் எல்லாவற்றுக்கும் சென்ட்ரல் அவென்யூவில் சான்று இருந்தது; இப்போதும் கூர்ந்து பார்த்தால், அடைக்கப்பட்ட கொட்டகை வாசல்களின் விளிம்பு பூச்சுக்கு அடியில் தெரியும்.

முப்பதுகளின் மோட்டலுக்கு மிக நல்ல எடுத்துக்காட்டு ஆற்றுப் பாலத்துக்குக் கிழக்கே உள்ள எல் வாடோ. அயர்லாந்திலிருந்து குடியேறிய டேனியல் மர்ஃபி, பிரான்சிஸ்கன் ஹோட்டலை நிர்வகித்த அனுபவத்தோடு 1937இல் இதைக் கட்டினார். புதிய நெடுஞ்சாலை எங்கே வரப்போகிறது என்பதை அறிந்து கட்டிய இடத் தேர்வு அது. முற்றத்தின் இருபுறமும் ஒற்றை மாடி வரிசைகள், மொத்தம் 32 அறைகள், இடையிடையே கார்க் கொட்டகைகள். சுவர் வெயிலில் காய்ந்த பச்சைச் செங்கல். மேலே வெள்ளைப் பூச்சு. விளிம்புகள் கூர்மையில்லாமல் கையால் தடவி விட்டதுபோல் உருண்டிருக்கும். கூரை உத்தரங்களின் முனை சுவருக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். பியூப்லோ மக்களும் ஸ்பானியரும் நூற்றாண்டுகளாகக் கட்டிய வீடுகளின் முறை இது. ஆல்புகர்க்கியில் இதைப் பொதுக் கட்டடங்களுக்கு எடுத்துவந்ததில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்குண்டு. கட்டடக் கலைஞர் ஜான் கா மீம் வடிவமைத்த அதன் ஜிம்மர்மன் நூலகம் அதே முப்பதுகளின் படைப்பு. மர்ஃபியின் விடுதி அந்த மரபை நன்றாகவே உள்வாங்கியது. பெயர்ப்பலகை மட்டும் வேறு வழியில் போயிற்று. அதில் நியான் குழாய்களால் வரைந்த பழங்குடித் தலைவரின் இறகுக் கிரீடம் வடக்கே சமவெளி இனங்களுக்கு உரியது. எல் வாடோவைச் சுற்றியுள்ள பியூப்லோ மக்களின் அணி அதுவன்று. சினிமாவில் பார்த்த ‘மேற்கை’ எதிர்பார்த்து வந்த பயணிக்காக வைக்கப்பட்ட பலகை அது.

இதற்கு நேர் எதிரான உதாரணம் நாப் ஹில்லுக்குக் கிழக்கே 1939இல் திறந்த டி அன்சா மோட்டார் லாட்ஜ். அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் சார்ல்ஸ் வாலஸ். சூனி பியூப்லோவில் நெடுங்காலம் வணிகம் செய்தவர், சூனிக் கைவினைஞரின் வெள்ளி, நீலப்பச்சைக் கல் நகைகளுக்குச் சந்தை தேடியவர். அந்த உறவால் விடுதியே சூனிக் கலையின் காட்சியிடமாக இருந்தது. நிலவறையில் ஷலாகோ எனும் குளிர்காலச் சடங்கின் ஊர்வலத்தைச் சூனி ஓவியர் டோனி எடாகி சுவரில் தீட்டினார். பயணிகளின் கண்ணைக் கவர வேண்டும் என்று சாலையோரம் வைத்த ஓவியம் அன்று அது; சடங்கை அறிந்தவர் அறிந்தவாறே வரைந்தது. ஒரு மோட்டலின் நிலவறையில் இப்படி ஒன்று இருந்தது என்பதே இந்தக் கட்டடங்களை மலிவான வணிகக் கூரைகள் என்று ஒதுக்கிவிட முடியாமைக்குப் போதுமான காரணம்.

இந்தத் தெருவின் பொற்காலத்தைப் பற்றிப் பேசும்போது, அது எல்லாருக்கும் பொற்காலமாக இருந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1936 முதல் வெளிவந்த ‘கிரீன் புக்’ என்ற கையேடு, கறுப்பினப் பயணிகள் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று ஊர்வாரியாகப் பட்டியலிட்டது. பட்டியல் தேவைப்பட்டதற்குக் காரணம், பெரும்பாலான விடுதிகள் அவர்களுக்கு அறை தர மறுத்ததுதான். ஐம்பதுகளின் நடுவில் ஆல்புகர்க்கியின் ரூட் 66 மோட்டல்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு மட்டுமே கறுப்பினத்தவரை ஏற்றன. பல்கலைக்கழக மாணவர்களும் ஊரின் கறுப்பின அமைப்பினரும் போராடியதன் பயனாக 1952இலேயே நகராட்சி பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் இயற்றியிருந்தது. சட்டத்துக்கும் வரவேற்பறைக்கும் நடுவில் தூரம் இருந்தது. பகல் முழுவதும் ஓட்டிக் களைத்த ஒரு குடும்பம், நியான் விளக்குகளின் வரிசையை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டி இருட்டுக்குள் போக வேண்டியிருந்த தெருவும் இதேதான். பழைய அஞ்சலட்டைகளில் அது தெரியாது.

நியான் விளக்குகள்தாம் அந்த அஞ்சலட்டைகளை நிரப்பியவை. அறையின் தரத்தை மணிக்கு 40 மைல் வேகத்தில் போகும் ஓட்டுநரால் பார்க்க முடியாது. பலகையைப் பார்க்க முடியும். ஆகவே கட்டடத்துக்குச் செலவிட்ட கவனம் மெல்ல மெல்லப் பலகைக்குப் போயிற்று. மேற்கு சென்ட்ரலில் வெஸ்ட்வர்ட் ஹோ விடுதியின் பச்சைக் கள்ளிச்செடி, கிழக்கே டேவா லாட்ஜ், லூனா லாட்ஜ் என்று ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் உருவமும் நிறமும் தேடிக்கொண்டது. பெயர்களும் அப்படித்தான்: ஸ்பானியப் பெயர், பழங்குடிப் பெயர், பாலைவனப் பெயர், பிறகு அறுபதுகளை நெருங்கும்போது நெடுஞ்சாலையையும் வேகத்தையும் சுட்டும் பெயர். 1958இல் நாப் ஹில்லில் வந்த ஹைவே ஹவுஸ், பச்சைச் செங்கல்லையும் உருண்ட விளிம்பையும் விட்டுவிட்டு, பல ஊர்களில் ஒரே மாதிரி நின்ற கிளை விடுதிகளில் ஒன்று. ஊரின் மண்ணிலிருந்து கட்டடம் விலகத் தொடங்கியது அப்போதே.

தெருவில் மோட்டல்கள் மட்டும் இருக்கவில்லை. 1927இல் ஓரெஸ்டே பாச்செச்சி என்ற இத்தாலியக் குடியேறி கட்டுவித்த கிமோ திரையரங்கு, பியூப்லோ வடிவங்களையும் அக்காலத்து ஆர்ட் டெகோ பாணியையும் கலந்தது. எருமைத் தலை விளக்குகளும் மணல் நிறச் சுவர்களும் இன்றும் உள்ளன. 1939இல் திறந்த மெய்செல் கைவினைக் கடையை வடிவமைத்தவரும் ஜான் கா மீம்தான். அதன் முகப்பில் பாப்லிட்டா வெலார்டே, ஹாரிசன் பெகே உள்ளிட்ட இளம் பழங்குடி ஓவியர்கள் தங்கள் இனங்களின் வாழ்க்கையை வரைந்தனர். பிற்காலத்தில் அமெரிக்க ஓவியத்தில் பெரும் பெயர் எடுத்தவர்களின் ஆரம்பகால வேலை நடைபாதைக்கு மேலே, யாரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இருக்கிறது. அதே ஆண்டில் நாப் ஹில் முனையில் ஜோன்ஸ் மோட்டார் கம்பெனி, வளைந்த வெள்ளைச் சுவரும் கோபுரமும் கொண்ட கார் விற்பனைக் கூடத்தையும் பெட்ரோல் பங்கையும் திறந்தது. 1947இல் அதன் அருகே நாப் ஹில் வணிக மையம் வந்தது: ஒரே கட்டடத்தில் பல கடைகள், நடுவில் கார் நிறுத்தம். கடைத்தெருவைவிட்டுக் கிழக்கே இவ்வளவு தூரத்தில் யார் வருவார்கள் என்று அன்று பலரும் ஐயுற்றனர்.

வந்தார்கள். அதோடு நிற்காமல் மேலும் போனார்கள் என்பதுதான் அடுத்த அத்தியாயம். 1961இல் வின்ராக், 1965இல் கொரோனாடோ என்ற இரு பெரும் வணிக வளாகங்கள் சென்ட்ரலுக்கு வடக்கே திறந்தன. பெரிய துணிக்கடைகளும் பல்பொருள் அங்காடிகளும் கடைத்தெருவை விட்டு அங்கே குடிபெயர்ந்தன. அவை இடம் தேர்ந்த காரணம் எளிது: 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடு முழுவதும் அமைக்கப்பட்ட இடைமாநில நெடுஞ்சாலைகளில் ஒன்றான 40ஆம் எண் சாலை அவ்வழியே வந்தது. சிறிய ஊர்களின் வணிகர்கள் கலங்கினர். ஊரைச் சுற்றிப் போகும் சாலைக்கு அந்த ஊரின் சம்மதம் வேண்டும் என்று நியூ மெக்சிகோ சட்டமன்றம் 1963இல் ஒரு சட்டமே இயற்றியது. அது நீடிக்கவில்லை. 1966இல் 25ஆம், 40ஆம் எண் இடைமாநிலச் சாலைகள் சந்திக்கும் ‘பிக் ஐ’ சந்திப்பு ஆல்புகர்க்கியில் முடிந்தது. அதன்பின் சிகாகோவிலிருந்து வருபவர் சென்ட்ரலில் ஒரு சிக்னலில்கூட நிற்காமல் நகரைக் கடக்க முடிந்தது. 1985இல் ரூட் 66 என்ற எண்ணே அதிகாரபூர்வமாக நீக்கப்பட்டது.

மோட்டலுக்கு இது இரட்டை அடி. போக்குவரத்து போயிற்று, கூடவே போட்டியும் வந்தது. இடைமாநிலச் சாலையின் இறங்குவழிகளில், நாடு முழுவதும் ஒரே பெயரும் ஒரே அறை அமைப்பும் கொண்ட கிளை விடுதிகள் எழுந்தன. தெரியாத ஊரில் தெரிந்த பெயரைத் தேடும் பயணிக்கு, எந்தத் தனி உரிமையாளரும் தர முடியாத உறுதியை அவை தந்தன. அதே நேரத்தில் நகர மையம் புல்டோசரின் கைக்குப் போயிற்று. 1970இல் அல்வராடோ ஹோட்டல் இடிக்கப்பட்டது. 1972இல் பிரான்சிஸ்கன் ஹோட்டலும் போயிற்று. இரண்டும் இருந்த இடங்கள் பல ஆண்டுகள் வண்டி நிறுத்தும் மனைகளாகவே கிடந்தன. அல்வராடோவின் இழப்பு நகரத்தாரை உலுக்கியது. 1978இல் பாரம்பரியச் சின்னங்களுக்கான நகரச் சட்டம் வந்ததற்கு அந்தக் காயமும் காரணம். கிமோ திரையரங்கைக் காப்பாற்ற 1977இல் நகராட்சியே அதை வாங்கியது. மோட்டல்களைப் பற்றி அப்போது யாரும் பேசவில்லை. முப்பது, நாற்பது வயதுக் கட்டடத்தைப் பழமை என்று யாரும் எண்ணுவதில்லை; பழசு என்றுதான் எண்ணுவார்கள்.

எழுபதுகளில் தொடங்கி இந்த விடுதிகள் பலவற்றைப் புதிதாகக் குடியேறியவர்கள் வாங்கினர். நாடு முழுவதும் நடந்ததுபோல் இங்கும் குஜராத்திக் குடும்பங்கள் அதில் முன்னின்றன. விலை குறைவு, குடும்பத்தோடு அங்கேயே குடியிருக்கலாம், துடைப்பதிலிருந்து கணக்கு எழுதுவது வரை வீட்டாரே பார்த்துக்கொள்ளலாம். இன்று அமெரிக்க மோட்டல்களில் ஏறக்குறைய பாதி இந்திய வம்சாவளியினர் கையில் இருக்கிறது என்றால், அதன் வேர் சாலை கைவிட்ட இத்தகைய தெருக்களில்தான் இருக்கிறது. வழிப்போக்கர் வராத அறைகளுக்கு வேறு வகையான வாடகைதாரர் வந்தனர்: வார வாடகைக்குத் தங்கும் கூலித் தொழிலாளர், முன்பணம் கொடுத்து வீடு பிடிக்க முடியாதவர், ஊருக்குப் புதிதாக வந்து வேலை தேடுபவர். 1975இல் பில் கேட்ஸும் பால் ஆலனும் மைக்ரோசாஃப்டைத் தொடங்க ஆல்புகர்க்கிக்கு வந்தபோது தங்கிய இடங்களில் ஒன்று கிழக்கு சென்ட்ரலின் சன்டவுனர் மோட்டல். 1979இல் அந்த நிறுவனம் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போய்விட்டது. மோட்டல் தன் ஏழை வாடகைதாரரோடு இருந்தது.

கிழக்குப் பகுதியின் பெயர் கெட்டது. போதைப்பொருளும் வன்முறையும் மலிந்து, ‘போர்க்களம்’ என்றே ஊரார் அழைக்கும் நிலை வந்தது. ஆனால் 1975க்குப் பிறகு வந்த வியட்நாமியர், மெக்சிகோவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வந்தவர்கள் என்று அதே பகுதியில்தான் நகரின் மிகக் கலந்த மக்கள் கூட்டம் உருவானது. 2009இல் அதற்குப் ‘பன்னாட்டு வட்டாரம்’ என்று புதுப்பெயர் வந்தது. இரண்டாயிரத்தின் முதல் ஆண்டுகளில் நகராட்சி, குற்றம் நடக்கும் இடங்கள் என்று பல மோட்டல்களுக்கு நோட்டீஸ் கொடுத்தது. சில மூடப்பட்டன, சில இடிக்கப்பட்டன. புகார்களில் உண்மை இருந்தது. ஆனாலும் அந்த நடவடிக்கைகளில் கட்டடமும் குற்றமும் ஒன்றாகவே எண்ணப்பட்டது பெரும் தவறு. இடித்த மனைகளில் பல பல்லாண்டுகள் வெறுமையாகக் கிடந்தன. அங்கே இருந்த ஏழைகள் இன்னும் மோசமான இடங்களுக்குப் போயினர்.

காப்பாற்றும் எண்ணம் மெதுவாகத்தான் பிறந்தது. வரலாற்றாய்வாளர் டேவிட் காமர் நியூ மெக்சிகோ ரூட் 66 கட்டடங்களை ஆய்ந்து தொகுத்ததன் வழியாக 1993இல் எல் வாடோ, அஸ்டெக் உள்ளிட்ட பல விடுதிகள் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறின. 1999இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய ரூட் 66 பாதுகாப்புச் சட்டம் சிறு மானியங்களுக்கு வழி செய்தது. அந்தப் பணத்தில் மாநிலத்தின் பல நியான் பலகைகள் மீண்டும் எரிந்தன. பதிவேட்டில் பெயர் ஏறுவது மட்டும் இடிப்பைத் தடுக்காது. தனியார் நிலத்தில் உரிமையாளர் விருப்பமே இறுதி. 1930களின் தொடக்கத்தில் நாப் ஹில்லில் கட்டிய அஸ்டெக், மாநிலத்தில் தொடர்ந்து இயங்கிய ரூட் 66 மோட்டல்களில் மிகப் பழையது. அங்கே நெடுங்காலம் குடியிருந்தவர்கள் சுவரெங்கும் பானை ஓடுகளும் கண்ணாடித் துண்டுகளும் பதித்து அதை ஒரு கலைக்கூடமாகவே ஆக்கியிருந்தனர். 2011இல் அது இடிக்கப்பட்டது.

எல் வாடோ தப்பியது நகராட்சியின் பிடிவாதத்தால். 2005இல் வாங்கிய புதிய உரிமையாளர் அதை இடித்து வீடுகள் கட்ட எண்ணினார். நகரம் அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது, வழக்கு நடந்தது, கடைசியில் 2008இல் நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரத்தைப் பயன்படுத்தி நகராட்சியே எடுத்துக்கொண்டது. அதன்பின் பத்து ஆண்டுகள் கம்பிவேலிக்குள் கிடந்து, 2018இல் மீண்டும் திறந்தது. இப்போது சில அறைகள் விடுதி. மற்ற அறைகள் சிறு கடைகளும் உணவகங்களும். முற்றத்தில் மாலையில் குழந்தைகளோடு ஊரார் கூடுகிறார்கள். வழிப்போக்கருக்கான இடம் ஊராருக்கும் உரியதாகியிருப்பது நல்ல மாற்றம். டி அன்சாவை நகரம் 2003இல் வாங்கியது. பலமுறை திட்டங்கள் குலைந்தபின், பெரும்பகுதி இடிக்கப்பட்டு அங்கே அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. முகப்பின் சில பகுதிகளும் பெயர்ப்பலகையும் நிலவறையின் ஷலாகோ ஓவியமும் காக்கப்பட்டன. ஓவியத்தின் விஷயத்தில் சூனி மக்களைக் கலந்தே முடிவெடுத்தார்கள் என்பது இதில் பாராட்ட வேண்டிய செய்தி.

பலகைகளை மட்டும் காப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பழுதுபட்ட நியானைச் சரிசெய்யச் சில ஆயிரம் டாலர் போதும். நனைந்து கரையும் பச்சைச் செங்கல் சுவரைக் காக்கத் தொடர்ந்து பூச வேண்டும், கூரை ஒழுகாமல் பார்க்க வேண்டும், உள்ளே யாராவது வாழ வேண்டும். அதனால் பலகைக்கு மானியம் எளிதில் கிடைக்கிறது, சுவருக்குக் கிடைப்பதில்லை. பின்னால் கட்டடம் இல்லாத பலகை, அந்த விடுதி எப்படி இயங்கியது என்பதில் ஒன்றையும் சொல்லாது. இதைப் பார்க்கும்போது லூனா லாட்ஜிலும் சன்டவுனரிலும் நடந்தது பெரிய காரியமாகத் தோன்றுகிறது. 1949இன் லூனா லாட்ஜும், கேட்ஸும் ஆலனும் தங்கிய சன்டவுனரும் 2010களில் குறைந்த வருமானக்காரருக்கான குடியிருப்புகளாகப் புதுப்பிக்கப்பட்டன. சிறிய அறை, தனி வாசல், முன்னால் முற்றம் என்ற மோட்டல் அமைப்பு தனியாக வாழ்பவருக்கும் முதியவருக்கும் இயல்பாகவே பொருந்துகிறது. எழுபதுகளிலிருந்து ஏழைகள் வார வாடகையில் செய்துகொண்டிருந்ததைத்தான் இந்தத் திட்டங்கள் முறையாக, கண்ணியமாகச் செய்தன.

தெருவின் தோற்றத்தை மோட்டல்களுக்குப் பிறகு மிகவும் மாற்றியது ஏ.ஆர்.டி. எனப்படும் விரைவுப் பேருந்துத் திட்டம். சுமார் 13 கோடி டாலர் செலவில் 2016இல் பணி தொடங்கியது. நடுத்தடங்கள் பேருந்துக்கு ஒதுக்கப்பட்டன. தெரு நடுவில் உயர்ந்த நிறுத்தங்கள் எழுந்தன. கார்கள் நினைத்த இடத்தில் இடப்பக்கம் திரும்ப முடியாமல் போயிற்று. நாப் ஹில் கடைக்காரர்கள் வழக்குத் தொடுத்தனர், ஜன்னல்களில் எதிர்ப்பு அட்டைகள் ஒட்டினர். தோண்டிப்போட்ட காலத்தில் சில கடைகள் மூடின. முதலில் வாங்கிய மின்பேருந்துகள் சரிப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டன. 2019 நவம்பர் இறுதியில்தான் சேவை தொடங்கியது. 2022 முதல் நகரப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. காருக்காக விரிந்த தெருவைப் பேருந்துக்காகத் திருத்துவது எளிதன்று. மோட்டலுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து வளைந்து நுழையும் வசதியே அந்தத் தெருவின் பழைய இலக்கணம். ஆயினும் கார் இல்லாமல் சென்ட்ரலில் வாழும் மக்களுக்கு இந்தப் பேருந்து உயிர்நாடி. அவர்களில் பலர் முன்னாள் மோட்டல் அறைகளில் குடியிருப்பவர்கள்.

இன்று தெருவைக் காண விரும்புபவர் மேற்கிலிருந்து கிழக்காகப் போவது நல்லது. முப்பதுகளின் பயணிகள் பெரும்பாலும் எதிர்த்திசையில், கலிஃபோர்னியாவை நோக்கிப் போனார்கள் என்றாலும், மாலையில் சாண்டியா மலை சிவப்பது கிழக்கு நோக்கிப் போகும்போதுதான் கண்ணெதிரே தெரியும். ஒன்பது மைல் குன்றின் சரிவில் நகரம் முழுவதும் ஒரே பார்வையில் விரியும். பாலம் தாண்டியதும் எல் வாடோ. கடைத்தெருவில் கிமோவும், இப்போது கடை மூடப்பட்ட மெய்செல் முகப்பும். சுரங்கப்பாதைக்கு அப்பால், ‘பிரேக்கிங் பேட்’ தொடரில் வந்து உலகறிந்த கிராஸ்ரோட்ஸ் மோட்டல். நாப் ஹில்லில் நடந்தே பார்க்க வேண்டியவை அதிகம். அதற்குக் கிழக்கே பெரும்பாலோர் காரின் வேகத்தைக் கூட்டிவிடுகிறார்கள், அது இழப்பு. டேவா லாட்ஜ், லூனா லாட்ஜ் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவற்றுக்கு நடுநடுவே வியட்நாமிய உணவகங்களும் மெக்சிகோ ரொட்டிக்கடைகளும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் தாழ இறக்கி மெருகேற்றிய பழைய கார்களில் இளைஞர்களும் குடும்பங்களும் இதே தெருவில் மெல்ல உலா போவது பல தலைமுறைப் பழக்கம். 1972இல் 13 பலூன்களோடு தொடங்கிய பலூன் திருவிழா நடக்கும் அக்டோபரில் நகரின் எந்த விடுதியிலும் அறை கிடைப்பது அரிது. பழைய மோட்டல்களும் அந்த நாள்களில் நிரம்பிவிடும்.

இப்போது மாற்றம் அடுத்த வட்டத்துக்கு வந்திருக்கிறது. சென்ட்ரலின் வணிகத்தைப் பறித்துக்கொண்ட இடைமாநிலச் சாலையோர விடுதிகளுக்கும் வயதாகிவிட்டது. அவையும் வார வாடகைக்கு இறங்கிவிட்டன. 2023இல் ஆல்புகர்க்கி நகராட்சி 40ஆம் எண் சாலையை ஒட்டிய ஹோட்டல் சர்க்கிள் பகுதியில் அத்தகைய விடுதி ஒன்றை வாங்கியது. குறைந்த வாடகைக் குடியிருப்பாக மாற்றுவதே நோக்கம். சன்டவுனரிலும் லூனா லாட்ஜிலும் செய்த அதே வேலை அங்கும் தொடங்கியது.